தினம் ஒரு வானம்

"இந்த அட்டையா? என் பிரிண்டர்லயா? நடக்கவே நடக்காது!"

வந்தவரைக் கும்பிடாத குறையாகத் திருப்பி அனுப்பினார் கடைக்காரர்.

"தடிமனா இருக்கு. ஓரம் வேற சுருண்டிருக்கு. உள்ளே போனா ஹெட்டுல உரசும். ஹெட்டு போச்சுன்னா கடையே போச்சு, சார்."

தெருவில் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்றே பெயர். மை தெளிக்கும் அந்தச் சின்ன ஹெட்டை அப்படித் தாங்குவார். காற்று வறண்டு அது காய்ந்துவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பெருக்கும்போது மேலே துணி. பொத்தானை அழுத்தித்தான் அணைக்க வேண்டும், சுவரில் சுவிட்சைத் தட்டினால் ஹெட்டு தன் மூடிக்குள் போய் உட்காராமல் நடுவழியில் நின்றுவிடும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்.

"எனக்கு ஜலதோஷம்னா இப்படிப் பதறுவீங்களா?" என்பாள் மனைவி.

கடையில் வேலைக்கு இருந்தவர் நின்றுவிட்டதால் அவளும் துணைக்கு வர ஆரம்பித்திருந்தாள். வந்த முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது.

காலையில் கடை திறந்ததும் ஒரு அம்மா வந்தாள். ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் சுருட்டிய தடித்த தாள். சாட்சாத் அட்டையேதான். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக அதை வாங்கி, ஓரங்களை நீவி நீவி, பிரிண்டருக்குள் விட்டார்.

மிஷின் தொட்டில் ஆட்டுவது போலப் போய்ப் போய் வந்தது. வெள்ளைத் தாளில் ஒரு கோடு நீலம். இன்னொரு கோடு. மெதுவாக ஒரு மேகம் மிதந்து வந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் பொன். முழுசாக ஒரு வானம். முறைத்துக்கொண்டு நின்ற மனைவிக்கே ஒரு நிமிஷம் கடை மறந்து போயிற்று.

அந்தம்மா ஈரம் காய ஊதிக்கொண்டே வானத்தோடு போன பிறகுதான் அவளுக்கு நினைவு திரும்பியது.

"காசு வாங்கலையா?"

"அவங்ககிட்டயா? சேச்சே!"

"அட்டை உரசாதோ?"

"தினமும் காலைல எல்லாக் கலரும் ஓடணும். இல்லைன்னா ஹெட்டு காஞ்சிடும். அவங்கதான் எனக்கு உதவி பண்றாங்க."

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அங்கேதான் அவளுக்கு இடித்தது.

மறுநாளும் வானம். அதற்கு மறுநாளும். ஒரு நாள் விடியற்காலைச் சிவப்பு, ஒரு நாள் மழைக்கு முந்தைய சாம்பல். இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று இருந்தாள் மனைவி. ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க தினமும் இது? அண்ணாந்து பார்த்தா ஓசியிலயே தெரியுதே!"

அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள்.

"என் தங்கச்சி படுத்த படுக்கையா இருக்கா. நாங்க இருக்கிற ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ராத்திரி வேலை முடிஞ்சு காலைல வர்றப்ப, அன்னன்னிக்கு வானத்தைப் படம் எடுத்துட்டு வந்து, அவ எதிர்ல ஒட்டிடுவேன். மெல்லிசுத் தாள் சுவர்ல நிக்கல, அதான் அட்டை. 'அக்கா, இன்னிக்கு மழை வரும் போலிருக்கு, துணியை எடுத்துடு'ம்பா, படுத்துக்கிட்டே."

மனைவி ஸ்டூலை அந்தம்மா பக்கம் நகர்த்தினாள்.

"முதல் தடவை அண்ணன் சும்மா அடிச்சுத் தரேன்னார். வேணாம்னு திரும்பிட்டேன். யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்லைங்க. பின்னாடியே ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். தினமும் முழுப் பக்கம் ஓடலைன்னா ஹெட்டு போயிடுமாமே! பாவம், அவர் பிழைப்பே அதுலதானே? அதான், போன வாரம் காய்ச்சலோடகூட வந்துட்டேன்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். இதுவரை இருந்த சந்தேகம் போய், வேறொரு கோபம் வந்திருந்தது.

"காய்ச்சலோட வர்றாங்களாம் அந்தம்மா. உங்களுக்கு ஹெட்டுதான் பெருசா?"

"காஞ்சிடுமேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கும் இடத்திலும் ஒரு பிரிண்டர்தான் இருக்கிறது என்று முடிவு செய்தாள்.

அடுத்த வாரமே அச்சான வானத்தில் வெள்ளைக் கீறல்கள் விழுந்தன. மறுநாள் விடிந்ததும் மெக்கானிக் வந்தார். ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுசை மாட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினார்.

"காயலைண்ணே, தேஞ்சு போச்சு. அட்டை உரசி உரசியே தேஞ்சிருக்கு. காயாம இருக்க ரெண்டு கோடு ஓட்டினா போதும், அட்டை மட்டும் விடாதீங்கன்னு வாங்கின அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"தெரிஞ்சே ஏண்ணே முழுப் பக்கமா ஓட்டினீங்க?"

கடைக்காரர் தப்பு செய்த பிள்ளை மாதிரி மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனைச் சரியாகப் பார்க்கவில்லையே என்றிருந்தது அவளுக்கு.

படியில் செருப்புச் சத்தம். அந்தம்மா, கையில் சுருட்டிய அட்டையோடு.

"என்னண்ணே, மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க? நான் வேணா நாளைக்கு..."

மெக்கானிக் வாயைத் திறக்கப் போனார். மனைவி முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். அவளே ஓடிப் போய் அட்டையை வாங்கி, மேஜைமேல் வைத்து ஓரங்களை நீவினாள்.

"நாளைக்கா? நல்லா இருக்கே! புது ஹெட்டு போட்டிருக்கு. முதல் பக்கமே ஒரு முழு வானமா ஓட்டினாத்தான் நல்லா உழைக்குமாம். மெக்கானிக்கே உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்!"