தண்ணி இல்லய்யா

“தண்ணியா? பொட்டுத் தண்ணி கிடையாதுய்யா.”

சொன்னவள் அழகுத்தாய். ரோட்டோரத்தில் இருந்த அவள் வீட்டு வாசலில் அஞ்சு குடங்கள் தட்டுப் போட்டு மூடி வரிசையாக இருந்தன. அவற்றின் முன்னால் நின்றுகொண்டே அப்படிச் சொன்னாள்.

“அப்ப இந்தக் குடத்துல என்ன இருக்கு?” என்று கேட்டார் ஹெட்மாஸ்டர் சத்தியநேசன்.

“எல்லாம் காலி. லாரித் தண்ணி வந்து மூணு நாளாச்சு.”

சத்தியநேசனுக்குச் சுர்ரென்று ஏறியது. இருக்காதா பின்னே? தங்கச்சி மகன் வேதமணிக்குப் பதினோரு மணிக்கு ராஜபாளையத்து வேதக்கோயிலில் கல்யாணம். மதுரை ஆசாரி இழுத்தடித்து நேற்று ராத்திரிதான் கொடுத்த தாலி, இவர் சட்டைப்பையில். இவருடைய கைமாறின பழைய காரோ, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மூணு மைலில், நட்ட நடு ரோட்டில், பானட்டெல்லாம் ஆவியாகக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எண்பத்தேழாம் வருஷத்து மே மாதம். மணி ஒன்பதரைக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டியது.

அவர் காருக்குத் திரும்பிப் பானட்டைத் தூக்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

“செத்த ஆறட்டுமேங்க,” என்றாள் மனைவி கிருபாபாய். “குக்கரே விசில் அடங்காமத் தெறக்க மாட்டோம்.”

“இது கார். உன் குக்கர் இல்ல. அடுப்படி வேலையோட நிறுத்திக்க. உனக்கு என்ன தெரியும்?”

கிருபாபாய் வாயை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அழகுத்தாய் திண்ணையில் கிடந்த ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிட்டே வந்தாள். “அதத் தொறந்து என்னய்யா செய்யப் போறீய? ஊத்தத் தண்ணி வேண்டாமா? அந்தா, தென்னந்தோப்பு தெரியுதுல்லா? அங்ன பம்ப்செட் ஓடும். இந்தக் குடத்தக் கொண்டுட்டுப் போங்க.”

“அம்புட்டு தூரமா?”

“வேற வழி? அம்மாவ இங்கன நிழல்ல உக்காரச் சொல்லுங்க. மோரு தாரேன்.”

தண்ணி இல்லாத வீட்டில் மோர் மட்டும் எப்படி வந்தது என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. நேரம்தான் இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு ஊர்ப் பிள்ளைகளை நடுங்க வைக்கிற ஹெட்மாஸ்டர் தோளில் குடத்தோடு போவதை ஒரு டவுன் பஸ் முழுக்க எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

போய்வர முக்கால் மணி நேரம். திரும்பியபோது சட்டை தொப்பலாகியிருந்தது. நனைந்துவிடாமல் தாலியை மட்டும் கர்ச்சீப்பில் சுற்றிக் கையில் பிடித்திருந்தார்.

மூடியைத் திருகினார். சாதுவாகக் கழன்றது. தண்ணீரை ஊற்றினார். சாவியைத் திருகியதும் கார் உறுமியது. மணி பத்தே கால். ராஜபாளையம் இருபது நிமிஷம். கர்த்தரே, தப்பித்தோம்!

காலிக் குடத்தை வாசலில் வைக்கப் போனவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் குடத்தின் தட்டைத் தூக்கினார்.

தளும்பத் தளும்பத் தண்ணீர்.

அடுத்ததும் அப்படியே. அஞ்சும் அப்படியே.

“ஏம்மா, நீயெல்லாம் மனுஷிதானா?” பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. “தாலியக் கையில வச்சுக்கிட்டு நாய் மாதிரி அலையுறேன். அஞ்சு குடம் தண்ணிய மூடி வச்சுக்கிட்டு இல்லைங்கிறியே! குடம் குடமாவா கேட்டேன்? ஒரு செம்பு குறைஞ்சா செத்தா போயிருவ?”

அழகுத்தாய் தட்டுகளை எடுத்துக் குடங்களைத் திரும்ப மூடினாள். கிருபாபாய்தான், “விடுங்க, உங்களுக்கு விஷயம் தெரியாது,” என்றாள். அவர் விடுவதாக இல்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கதவு நிலையைத் தடவிக்கொண்டு வந்தார். அவள் புருஷன் பால்பாண்டி. வெயில் பட்டதும் முகத்தைத் துண்டால் மறைத்தார். அதற்குள் சத்தியநேசன் பார்த்துவிட்டார். நெற்றி முதல் கழுத்து வரை தோல் வெந்து சுருண்டு கிடந்தது. ஒரு கண் ஒட்டிப்போயிருந்தது.

“கோவப்படாதீய சார். நான் லாரி டிரைவரா இருந்தவன். இதே ரோட்டுல, இதே மாதிரி வண்டி கொதிச்சு நின்னுச்சு. அவசரத்துல மூடியத் தொறந்தேன். கொதிதண்ணி அம்புட்டும் மூஞ்சில அடிச்சிருச்சு. பக்கத்துல நின்ன இவ வேண்டாம் வேண்டாம்னுதான் கத்துனா. பொம்பளைக்கு என்ன தெரியும்னுட்டேன்.”

சத்தியநேசனின் கை தானாகத் தன் முகத்தைத் தடவிப் பார்த்தது. முழுசாக இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன. அரைமணியில் கோயில் வாசலில் நின்று சிரிக்க வேண்டிய முகம்.

அழகுத்தாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிரு தாயி. இந்த முகம் நீ போட்ட பிச்சை. ஆனா இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? ‘ஆறட்டும், பொறவு தொறங்க’ன்னு ஒரு வார்த்தை?”

அழகுத்தாய் சிரித்தபடி கிருபாபாயைப் பார்த்தாள்.

“அதத்தான் அவிய சொன்னாகளே. கேட்டீயளாக்கும்?”