வேலம்மாளின் தொண்டை

"ஒண்ணு அவங்க இருக்கணும் சார், இல்ல நாங்க இருக்கணும்."

மாடியில் ஈசிசேரில் சாய்ந்திருந்த வீட்டுக்காரர் சிங்காரம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். "அப்படி இன்னா பண்ணிட்டாங்க?"

"பொண்ணைத் திட்டறாங்க."

"பெத்தவ திட்டாம, நானா எறங்கி வந்து திட்டறது?"

கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் போர்ஷன் வேலம்மாள், சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்குக் குடி வந்தவள். மீன் வியாபாரம். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மகள் தீபிகாவைத் திட்ட ஆரம்பித்தால் கெடிலம் ஆறே சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடும். திருவந்திபுரத்தில் மொட்டை போட உட்கார்ந்திருந்த ஒருவர், அந்தக் குரல் கேட்டு அரை மொட்டையோடு எழுந்து ஓடினார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

"நேத்து சயின்ஸ் மார்க்குக்காக ஒரே கத்தல் சார். பஸ் விட்டு எறங்கறப்பவே கேக்குது. எரும மாடேங்கறாங்க. கொழந்த மனசு என்ன ஆவும்?"

"உங்க வீட்ல எப்படி?"

இதற்குத்தான் காத்திருந்தார் தில்லைநாதன். தான் வேலை பார்க்கும் சிதம்பரத்தில் ஆபீஸ்காரர்கள் நடத்திய குழந்தை வளர்ப்புக் கூட்டத்தில் இதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"அரவிந்தன் மேல ஒரு வெரல் பட்டதில்ல. கொரல ஒசத்தினதில்ல. தப்பு பண்ணா நான் ஒண்ணுமே பேச மாட்டேன். அவனே உணர்ந்துக்குவான்."

சிங்காரம் யோசித்தார். மீன்கூடையோடு போகிறவளுக்கு இந்த ஊரில் இன்னொரு வீடு கிடைப்பது லேசில்லை. ஆனால் ஆபீசர் குடித்தனம் கிளம்பிவிட்டால் அதுவும் கௌரவக் குறைச்சல்.

"சரி, தை பொறக்கட்டும். காலி பண்ணச் சொல்லிடறேன்."

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். தில்லைநாதன் சிதம்பரம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே காதில் விழுந்தது.

"எரும மாடே, கணக்குல பதினெட்டா? அந்தப் பேப்பர எடுத்துக்கினு வர்றதுக்குக் கூச்சமா இல்ல? மூஞ்சியப் பாரு மூஞ்சிய."

பட்டென்று எதையோ அடிக்கும் சத்தம்.

வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சிங்காரத்தின் கையைப் பிடித்தார் தில்லைநாதன். "நீங்களே கேளுங்க சார். இப்பவே வந்து சொல்லிடுங்க."

"இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்று சிங்காரமும் கூடவே நடந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வேலம்மாள் ஒரு கையில் கரண்டி, மறு கையில் விசிறி மட்டையோடு நின்றாள். அடி வாங்கிய தலையணை மூலையில் கிடந்தது. தீபிகா தட்டில் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டுக் கையில் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருந்தான் அரவிந்தன். டியூஷனில் இருக்க வேண்டியவன்.

வேலம்மாள் வீட்டுக்காரரைப் பார்த்துத் திகைத்தாள். "இன்னா ஓனரே, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. கொழம்பு வாசன வந்துது" என்றார் சிங்காரம்.

"நீ இங்க என்னடா பண்ற?" என்று மகனைக் கேட்டார் தில்லைநாதன்.

பதில் வேலம்மாளிடமிருந்து வந்தது. "கோச்சிக்காதீங்க சார். டீச்சரு, அவுங்கம்மா, சேத்தியாத்தோப்பு ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள ஓடியாந்து நிக்குது புள்ள. 'அத்த, தீபிகாவத் திட்டுற மாதிரி என்னையும் திட்டுங்க'ன்னு பேப்பர நீட்டுது. போன வாரம் ஓனருகிட்ட சொன்னீங்களாமே, அந்தச் சயின்ஸ் மார்க்குத் திட்டும் இவனுக்குத்தான். எம் பொண்ணு அதுல தொண்ணூறு."

தில்லைநாதனுக்கு முகம் சிவந்தது. "ஏண்டா, வீட்ல உன்ன யாராவது ஒரு வார்த்த சொல்லியிருக்கமா?"

அரவிந்தன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அத்த திட்டி முடிச்சா அதோட முடிஞ்சிரும்பா. அப்புறம் சோறு போடுவாங்க. காலாண்டுல கம்மியா வாங்கினதுக்கு நீங்க தீபாவளி வரைக்கும் எங்கூடப் பேசல."

சிங்காரம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தில்லைநாதனின் உதடுகள் பழக்கப்படி இறுகி மூடின. பையன் அதைப் பார்த்தான். அவன் கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"வாய மூடாதீங்க சார்" என்றாள் வேலம்மாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. "ஒரு வார்த்த திட்டிட்டு வூட்டுக்குக் கூட்டினு போங்க."

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். பழக்கமில்லாத தொண்டை, ஒரு தடவைக்கு வரவில்லை.

"எரும மாடே" என்றார் கடைசியில்.

அரவிந்தன் உருண்டையை வாயில் போட்டு நிம்மதியாக மெல்ல ஆரம்பித்தான்.