இன்னும் கொஞ்சம் கனம்

"இன்னும் கொஞ்சம் கனம் ஏத்துங்க தம்பி. இது பழகிப் போச்சு."

உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் சிரித்துக்கொண்டே கம்பியின் இரு பக்கமும் இன்னும் ஒவ்வொரு எடைத் தட்டைச் சேர்த்தார். எதிரில் நின்றவள் அங்கே பெருக்கித் துடைக்கிற அக்கா. காலைக் கூட்டம் கலைந்து, தரையைத் துடைத்து முடித்ததும் கொஞ்ச நேரம் எடை தூக்கிப் பழகுவாள். போனால் போகிறது என்று முதலாளியும் விட்டுவிட்டார்.

அவள் முழங்காலை மடக்கிக் கம்பியைப் பிடித்தாள்.

"மூச்சை அடக்காதீங்கக்கா. விட்டுக்கிட்டே தூக்குங்க."

தூக்கி நிமிர்ந்தாள். மாஸ்டருக்கே ஆச்சரியம்.

"இங்க வர்றவங்க டப்பா டப்பாவா பவுடர் கலக்கிக் குடிக்கிறாங்க. நீங்க அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"கொண்டைக்கடலைதான் தம்பி. ராத்திரி ஊற வெச்சுக் காலையில வேக வெச்சிடுவேன். கடைக்காரர் கீறல் விட்ட முட்டையைப் பாதி விலைக்குத் தருவாரு. கீரைக்காரம்மா கூடையைக் கட்டுற நேரமா பார்த்துப் போனா, ஒரு கட்டுக்கு ரெண்டு கட்டு. நம்ம சம்பளத்துக்கு வேற என்ன கட்டுப்படியாகும்?"

மாஸ்டர் மனதில் ரொம்ப நாளாக ஒரு ஆசை. இன்று கேட்டே விட்டார். "பெண்களுக்கு எடை தூக்குற போட்டி வருதுக்கா. பேரைக் கொடுத்துடவா?"

"எனக்கெதுக்குத் தம்பி அதெல்லாம்?"

"அப்ப யாரைத் தூக்கி எறிய இந்தப் பாடு? வீட்டுக்காரரையா?"

"அவருக்கு என் வாயே போதும்."

இருவரும் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"முதுகு மட்டும் பிடிச்சுக்கக் கூடாது தம்பி. நான் படுத்துட்டா எல்லாமே நின்னுபோயிடும். சுவர் இருந்தாத்தானே சித்திரம்?"

"அவசரப்படாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒண்ணும் ஆகாது."

"நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். நல்ல வாய்ப்பை இப்படி நழுவ விடுகிறாளே என்று மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை.

இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று, சற்று நேரத்தில் அவரும் கூடத்தைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். அவள் குடியிருக்கும் தெருவில், ஒரு பழைய அடுக்குமாடி வாசலில் பள்ளி வேன் நின்றிருந்தது. மாடிப் படிக்கட்டைப் பார்த்த மாஸ்டர் தன் பைக்கை அப்படியே நிறுத்தினார்.

பள்ளிச் சீருடையில், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மேல் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மெலிந்த கால்கள் துவண்டு தொங்கின.

மாஸ்டர் ஓடிப்போய்க் கைகளை நீட்டினார். "கொடுங்கக்கா. ரொம்பக் கனமா இருக்குமே."

"ஆமா தம்பி" என்றாள் அவள், முகமெல்லாம் மலர. "பொறந்தப்போ என் உள்ளங்கையில அடங்கினவ. எடை ஏறவே ஏறாது, ஆசை வெக்காதீங்கன்னு டாக்டருங்க சொன்னாங்க. போன மாசத்தைவிட இப்ப இன்னும் கனக்குறா."