முத்துமீனாவின் கைநாட்டு

"இது உங்க கைநாட்டுதானேம்மா?"

விசாரணை அதிகாரி பழைய படிவம் ஒன்றை மேஜைமீது அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பதினேழு வருடத்துத் தாள். மடிப்பில் கிழிந்து, ஓரமெல்லாம் பழுத்திருந்தது. கருத்தடை அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் என்று அச்சடித்த வரிக்குக் கீழே நீலமாக ஒரு பெருவிரல்.

முத்துமீனா அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

பேரையூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பின்னறை அது. மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிப் பெண்களுக்கு அவர்களைக் கேட்காமலே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டார்கள் என்று புகார் போய், விசாரித்து எழுத அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. வாசலில் இருந்த பதிவேட்டில் வந்த நேரத்தைப் பதிந்த பிறகே தாயையும் மகளையும் உள்ளே விட்டார்கள்.

மகள் தமிழ்வாணி பிறந்த அன்று முத்துமீனாவுக்கும் அது நடந்தது. மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் தையல். பிள்ளையை எடுத்த தையல் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த பிள்ளை வேண்டி ஆறு வருடம் அமாவாசை தவறாமல் மலையேறிக் கும்பிட்டாள். பத்திரமாக வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருமங்கலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. "நீயே ஆபரேசன் பண்ணிக்கிட்டு இப்ப வந்து அழுதா?" என்று டாக்டரம்மா திட்டினார்.

'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்லத்தான் இன்று பஸ் ஏறி வந்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் அதிகாரி படிவத்தின் மேல்வரியில் பேனாவை வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. இருவரையும் உட்காரச் சொன்னவர். மகளின் மார்க்கைக் கேட்டுவிட்டு சபாஷ் போட்டவர்.

"சாதி, பளியர்னு இதுல எழுதியிருக்கு பாருங்க. நம்பர் போட்டு, சீல் வச்சிருக்கு. பாப்பாவுக்கு சாதிச் சான்றிதழ் கிடைக்கலைன்னு சொன்னீங்கள்ல? இம்புட்டுப் பழைய ஆதாரம் உங்ககிட்ட வேற எதுவும் இல்ல. நானே பரிந்துரை எழுதித் தாரேன்."

மூன்று தடவை மனு தள்ளுபடி ஆகியிருந்தது. கடைசியாக வீட்டுக்கு விசாரிக்க வந்தவர் டிவியைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், பளியர் மாதிரி தெரியலையே என்றார். தமிழ்வாணியைக் கிழங்கு தோண்டிக் காட்டச் சொன்னார். ப்ளஸ் டூவில் ஐந்நூற்றுப் பதினொன்று எடுத்த பிள்ளை, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நர்சிங் சீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சான்றிதழ் இல்லையென்றால் சீட்டும் இல்லை.

"ஆனா ஒண்ணும்மா." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கைநாட்டு உங்களுது இல்லைன்னா இந்தப் பேப்பரே பொய்யாயிரும். பொய்ப் பேப்பர்ல இருக்கிற சாதியை மட்டும் நான் எப்படி மெய்யின்னு எழுத?"

அவளைப் பளியர் என்று ஒத்துக்கொண்ட ஒரே அரசாங்க இடம், அவள் வயிற்றை அறுத்த ஆஸ்பத்திரிதான். மலைச்சனத்தில் இத்தனை பேருக்கு முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவர்கள் மேலே காட்ட வேண்டியிருந்தது. அதனால் சாதியை மட்டும் சரியாக எழுதினார்கள்.

"யம்மா, இல்லைன்னு சொல்லு." தமிழ்வாணி நாற்காலி நுனிக்கு வந்தாள். "எனக்குச் சீட்டு கீட்டு ஒண்ணும் வேணாம். சார், எங்கம்மா எப்பவுமே…"

முத்துமீனா மேஜைக்கு அடியில் மகளின் காலை மிதித்தாள். அழுத்தி மிதித்தாள்.

"என்னுதுதான் சார்."

எழுத்தர் ஞானசீலன் நிமிராமல் எழுதினார். மனுதாரர் முழு மனதுடன் சம்மதித்தே அறுவை சிகிச்சை செய்துகொண்டதாக ஒப்புக்கொள்கிறார். வற்புறுத்தல் எதுவும் இல்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது.

எழுதிய தாளை அவளிடம் தள்ளிவிட்டு, பழக்கதோஷத்தில் பேனாவை நீட்டினார்.

முத்துமீனா பேனாவை ஒரு கணம் பார்த்தாள்.

"அது வேணாம்ணே" என்று மை டப்பாவை இழுத்துக்கொண்டாள்.

எந்த விரல், எவ்வளவு மை, எப்படி அழுத்துவது, ஒன்றும் பிடிபடவில்லை. ஞானசீலன்தான் அவளுடைய இடது பெருவிரலைப் பிடித்து உருட்டிவிட்டார். தமிழ்வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரிந்துரைக் கடிதத்தை அதிகாரி உறையில் போட்டுக் கொடுத்தார். எழுந்து நின்று கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறந்து வைத்தார். "போற நேரத்தையும் போட்டுட்டுப் போங்க தாயி."

முத்துமீனா பேனாவை வாங்கினாள். காலையில் அவள் எழுதியிருந்த வரி அப்படியே இருந்தது. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு நேராக, மூன்றாம் வகுப்பில் பழகிய அதே குண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ப. முத்துமீனா.

வாழ்க்கையில் முதல் தடவையாக வைத்த கைநாட்டின் மை இன்னும் காயவில்லை. பெயருக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பெருவிரல் விழுந்தது.