மியாவ் சொன்ன ஸ்ட்ராபெரி

ஒரு மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் வாளிக்குள் ஒரு ஸ்ட்ராபெரிச் செடி குடியிருந்தது. காய்த்தது ஒரே ஒரு பழம்தான், ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. குக்கர் விசில், கீரைக்காரர் கூவல், கீழ்வீட்டுக்காரரின் இருமல் என்று எதையும் அச்சு அசலாக எடுத்துவிடும்.

பழம் சிவக்கச் சிவக்க, அணில் ஒன்று தினமும் வாளி விளிம்பில் வந்து நின்றது. பழத்தைக் காப்பாற்ற, செடி பூனைக் குரலில் "மியாவ்" என்று ஒரு சத்தம் விட்டது. அணில் தலைதெறிக்க ஓடியது.

"நம்ம திறமைய நெனச்சா நமக்கே பயமா இருக்குப்பா" என்று செடி தன்னைத்தானே மெச்சிக்கொண்டது. அதற்கப்புறம் அணில் வந்தாலும் மியாவ், வராவிட்டாலும் மியாவ்.

ஒரு மத்தியானம் நிஜப் பூனையே வந்துவிட்டது.

"இத்தனை ஆசையா கூப்பிட்டது நீதானா கண்ணு?" என்று கேட்டபடி ஈரமண்ணைப் பிறாண்டி, பழத்தின் மேலேயே சுருண்டு படுத்தது.

"அண்ணே, அடியில என் பழம் இருக்கு."

"அதான் மெத்துனு இருக்கா? நல்லது" என்று பூனை கண்ணை மூடியது.

கைப்பிடிச் சுவரிலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. "விடுங்கக்கா. அந்தப் பழத்தை நேத்தே பின்பக்கமா கடிச்சுப் பார்த்துட்டேன், ஒரே புளிப்பு. நான் வர்றது பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்கு. உங்க வாளி எனக்குப் படிக்கட்டு."

செடிக்கு அழுகை முட்டியது. யார் குரலில் அழுவது என்றுதான் தெரியவில்லை.