பின்னுக்குப் போகும் தேதி

"இன்னைக்காவது இது ஏறுமா, ஏறாதா? ஒரே வார்த்தையில சொல்லு தம்பி. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குப் பரீட்சை!"

கிங்ஸ்லியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி வியாகுலம் கேட்டார். வந்ததிலிருந்து நாலு தடவை இதையே கேட்டாயிற்று. கிங்ஸ்லிக்கு எரிச்சலாக வந்தது. ஆத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், இந்த ஒரு வீட்டுக்காக ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகப் புன்னைக்காயலுக்கு வண்டியை விட்டிருக்கிறான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. படகுகள் எல்லாம் ஆற்றோரம் சும்மா கிடந்தன. படகுக்கே லீவு, எனக்கு மட்டும் இல்லையா என்று முனகிக்கொண்டேதான் வந்தான்.

ஆனாலும் வராமல் இருக்க மனசு கேட்கவில்லை. வியாகுலத்தின் மகன் ஜெர்வின் கடலோடு போய் மூன்று வருடம் ஆகிறது. மருமகள் லிண்டாவுக்கு இறால் உரித்து உரித்தே விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாமாம். ஆனால் கம்பெனி அனுப்பிய சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஜெர்வின் வாங்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர். அதில்தான் அந்தச் சனியன் ஏறமாட்டேன் என்கிறது.

கிங்ஸ்லி மறுபடி தட்டினான். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. அதே சிவப்பு எழுத்து. திரையின் மூலையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, திரும்பவும் மூணு வருஷத்துக்கு முந்தின தேதிக்குப் போயிட்டு! இந்த சாஃப்ட்வேர் இந்த வருஷம் வந்தது. பொறக்காத பிள்ளைக்கு எப்படி ஞானஸ்நானம் குடுக்கன்னு கம்ப்யூட்டர் முழிக்குது."

"பேட்டரி மாத்துனியே?"

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை மாத்திட்டேன்."

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு தம்பி நாளும் கிழமையும்? தேதிய அப்படியே விட்டுட்டு இத மட்டும் ஏத்த முடியாதா?"

"முடியாது அண்ணாச்சி. பரீட்சை முடியுத வரைக்கும் தேதி சரியா இருக்கணும்."

"எனக்கு இதுல என்ன எழவு தெரியும்? நீ பாத்துச் செய்யி" என்று வியாகுலம் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதையெல்லாம் ஒரு இடத்தில் குறித்து வைக்கும். கிங்ஸ்லி அதைத் திறந்தான். படிக்கப் படிக்க அவன் முகம் சிவந்தது.

"லிண்டா, இங்கன வா. கோளாறு பேட்டரியில இல்ல. தினமும் விடிய நாலு மணிக்கு யாரோ கையால தேதிய மாத்துதாங்க. உனக்குப் பரீட்சை எழுத இஷ்டம் இல்லேன்னா வாயத் திறந்து சொல்லிடு. என்ன எதுக்கு இப்படி அலைய விடுத?"

அடுக்களையிலிருந்து வந்த லிண்டா பதறிப்போனாள்.

"மாதாவே! நான் அதத் தொடுததே இல்லண்ணே. படிக்கிறதெல்லாம் போன்லதான்."

"வேற யாரு மாத்துவா? உன் பிள்ளைக்கு நாலு வயசு. அண்ணாச்சிக்கு மவுசப் பிடிக்கத் தெரியாது. மிச்சம் நீதான்."

"இந்த வேலைக்காக ராப்பகலா முழிச்சுப் படிக்கேன். நானே அதக் கெடுப்பேனா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னைய நம்பலேன்னா விட்ருங்கண்ணே. பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் இறாலே உரிச்சிட்டுப் போறேன்."

"அவள ஒண்ணும் சொல்லாத தம்பி."

கட்டிலிலிருந்து வியாகுலத்தின் குரல் வந்தது.

"நான்தான்."

கிங்ஸ்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா? ஒண்ணும் தெரியாதுன்னீங்க?"

"இது ஒண்ணுதான் தெரியும். மாதா திருநாள் என்னைக்கு வருதுன்னு பாக்க, மூலையில தேதியத் தட்டச் சொல்லிக் குடுத்தான் ஜெர்வின். ரெண்டு நாளா கையக் கட்டிக்கிட்டுக் கிடக்கத்தான் பாத்தேன். முடியல."

லிண்டா குனிந்து திரையின் மூலையைப் பார்த்தாள். "மாமா, இது..." என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வியாகுலம் பைய எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அழாத மக்கா. நீ பரீட்சை எழுது. தம்பி, இன்னைக்குத் தேதியப் போடு. மாதா சத்தியமா இனி நான் தொட மாட்டேன்."

கிங்ஸ்லி தேதியை மாற்றினான். பச்சைக் கோடு தடங்கலில்லாமல் கடைசிவரை ஓடி முடிந்தது. இத்தனை நாள் பாடுபட்ட வேலை முடிந்தும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அந்தத் தேதியில என்ன இருக்கு அண்ணாச்சி?"

"அது ஞாயித்துக்கிழமை. யாரும் கடலுக்குப் போகாத நாளு. ராத்திரி பன்னெண்டு தாண்டிட்டா அது திங்கக்கிழமைக்குப் போயிருது. நான் விடிய எந்திரிச்சு திரும்பவும் ஞாயித்துக்கிழமைக்கே கொண்டாந்து வச்சிருவேன்."

வியாகுலம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திங்கக்கிழமை ஆச்சுன்னா, காய்ச்சல்ல போத்திப் படுத்துக் கிடந்தவன நான்தான தம்பி திட்டி எழுப்பிப் படகுல ஏத்திவிட்டேன்."