கையெழுத்துப் போடாத எல்லம்மாள்

"எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு அத்த. நீ மட்டும் இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு கீற?"

ஜெரோம் ஷாமியானாவுக்குள்ளிருந்தே கத்தினான்.

குடியரசு தினக் கிராம சபை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் காலனி ஒன்றின் பள்ளிக்கூட வாசல். எல்லம்மாள் குழாயடியை விட்டு நகரவில்லை. நின்றால்கூடப் பரவாயில்லை, உள்ளே வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். ஜெரோமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காலனியில் பிறந்து கல்லூரி வாத்தியாரான முதல் ஆள் அவன். செங்கல்பட்டில் அரசியல் பாடம் நடத்துகிறான். காலனியில் நாற்பது வீடு, ஒன்றுக்கும் பட்டா கிடையாது. பின்னால் எழும்பும் ரிசார்ட்டுக்கு ரோடு வேண்டும். அதற்கு இந்த நாற்பது வீட்டின் மேல்தான் கண்.

"வீட்டுக்கெல்லாம் பட்டா கேட்டு இன்னிக்குத் தீர்மானம் சார். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசினா ஜனம் வரும்" என்று ஊராட்சிக் கிளார்க் தீனதயாளன்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தார்.

ரெண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா ஜெரோம்? அரைமணி நேரம் பேசினான்.

"பிரான்சுல புரட்சி எப்டி ஆரம்பிச்சிச்சு தெரியுமா? மொதல்ல கத்தி எடுக்கல, துப்பாக்கி எடுக்கல. ஊர் ஊரா ஜனங்க ஒன்னு கூடி, தங்களோட கொறைய நோட்டுல எழுதிக் குடுத்தாங்க. ராஜா ஆடிப்போனான்! நம்ம அரசியல் சட்டமே 'இந்திய மக்களாகிய நாம்'னுதான் ஆரம்பிக்குது. அந்த நாம் யாரு? நாமதான்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. சனங்கள் வரிசையாக வந்து, தீர்மானம் எழுதுகிற மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

வந்தவர்களில் எல்லம்மாள் ஒருத்திதான் பாக்கி. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஐம்பது வயது இருக்கும்.

ஜெரோம் குழாயடிக்கே போனான். பின்னாலேயே கிளார்க்கும், ஊராட்சித் தலைவரின் ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

"ஜெரோமு, இப்டி ஓரமா வா. ஒன்னு சொல்லணும்" என்றாள் எல்லம்மாள்.

"ஓரமா எதுக்கு? எல்லாரு முன்னாடியும் சொல்லு. ஜனநாயகத்துல ரகசியம் கெடையாது."

அவள் தலைவரின் ஆட்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நீயும் போட மாட்ட, போட வர்றவங்களயும் தொரத்துற. ரிசார்ட்டுக்காரன் ஆளாயிட்டியா அத்த?"

ஊரே கேட்டது. யாரோ சிரித்தார்கள். எல்லம்மாளின் முகம் செத்துப்போனது. படிப்பில்லாதவளை, அதுவும் தன்னைத் தூக்கி வளர்த்த தெருக்காரியை, நாலு பேர் நடுவில் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் ஜெரோமுக்கு அப்போது எதிரில் நின்றது அத்தையாகத் தெரியவில்லை. வரலாற்றுக்குக் குறுக்கே நிற்கிற ஆளாகத் தெரிந்தது.

"உன் வாயால இந்தப் பேச்சு கேட்ட பெறவு போடாம இருந்தா நான் மனுசியே இல்ல" என்றாள். "ஆனா ஒன்னு. இவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நீ பக்கத்துலயே நிக்கணும். நிப்பியா?"

"நிக்கிறேன் அத்த. இதுக்கா இம்மாம் பிகு பண்ண?"

வந்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். கையெழுத்துகளுக்கு முந்தின பக்கம் வெறுமையாக இருந்தது.

"தீர்மானம்?" என்று கேட்டான் ஜெரோம்.

"ஆபீஸ்ல உக்காந்து நிதானமா எழுதிக்கலாம் சார். எப்பவும் கையெழுத்து மொதல்ல, தீர்மானம் அப்புறந்தான்" என்றார் தீனதயாளன். "உங்களுக்கு செங்கல்பட்டுல மூணு மணிக்கு மீட்டிங்னு சொன்னீங்களே, பஸ்ஸு வந்துரும்."

உண்மைதான். 'அரசியல் சட்டமும் எளிய மக்களும்' என்ற தலைப்பில் அங்கே அவன் சிறப்புரை.

ஜெரோம் பஸ் ஏறினான்.

இரண்டு மாதம் கழித்து ஜேசிபி வந்தது. ஒரே காலையில் நாற்பது வீடும் தரைமட்டம். எல்லம்மாள் இரண்டு குடத்தோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் நெம்மேலியில் தங்கச்சி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

ஜெரோம் ஊராட்சி ஆபீசுக்குள் பாய்ந்தான். மினிட் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான். குண்டு குண்டான கையெழுத்தில் தீர்மானம் இருந்தது:

'பொதுச் சாலை அமைக்க ஏதுவாக, குடியிருப்புகளை அகற்ற இச்சபை ஏகமனதாகச் சம்மதிக்கிறது.'

அடுத்த பக்கங்களில் நூறு கையெழுத்து. கடைசியில், கோணல்மாணலாக, எல்லம்மாள்.

"ஏமாத்திட்டீங்க! கோர்ட்டுக்குப் போவேன்!"

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"போங்க சார். அங்க இந்தப் புக்கத்தான் கேப்பாங்க. நூறு பேரு இல்லன்னா இந்த ஊர்ல கிராம சபையே செல்லாது. ஆகஸ்ட்ல கூட்டம் போட்டோம், ஆளு சேரல. அக்டோபர்ல சேரல. நவம்பர்லயும் சேரல. வெத்துத் தாள்ல கை வெக்காதீங்கன்னு அந்தம்மா வூடு வூடா ஏறி எறங்கிகினு இருந்துச்சு. அன்னிக்கும் கையெழுத்து தொண்ணூத்தொம்போதுல வந்து நின்னுச்சு."

ஜெரோம் எல்லம்மாளின் பெயருக்கு முன்னால் இருந்த வரிசை எண்ணைப் பார்த்தான்: நூறு.

"மூணு கூட்டத்த அந்தம்மா ஒத்த ஆளா நின்னு கலைச்சிச்சு சார். நாலாவது கூட்டத்த நீங்கதான் நடத்திக் குடுத்தீங்க."